ஓர் அரிசிப் பையை ஐந்து பேர் பிடிக்க வேண்டியதில்லை, தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

ஏழைகளின் வீடுகளைச் சந்தித்து உதவும் கத்தோலிக்க அமைப்பான வின்சென்ட் தே பவுல் சபையின், நமது கோயில் பங்குக் கிளைக்கு நீ செயலாளராகி மூன்று மாதங்கள் ஆகின்றன. அதற்குள் பழைய கணக்கேடுகளை ஒழுங்குபடுத்திவிட்டாய். வருமானச் சான்றுக்காகக் கிராம நிர்வாக அலுவலகத்துக்கு நான்கு முறை நடந்து, இரண்டு பாட்டிகளுக்கு முதியோர் உதவித்தொகை கிடைக்கச் செய்தாய். நரைத்த தலைகளே நிரம்பிய ஒரு கூட்டத்துக்கு முப்பது வயதுக்குள் ஒருவன் வந்து சேர்ந்ததில் எங்களுக்கு எவ்வளவு நிம்மதி என்பதை இதுவரை யாரும் உன்னிடம் வாய்விட்டுச் சொன்னதில்லை. நான் இப்போது சொல்லிவிடுகிறேன். ஆனால் இந்தக் கடிதம், இரண்டு வாரங்களுக்கு முன் பங்கின் வாட்ஸ்அப் குழுவில் நீ போட்ட படத்தைப் பற்றியது. கூட்டத்திலேயே பேசி முடித்திருக்கலாம். இந்தப் பழக்கம் நம் கிளையோடு நிற்காமல் ஊருக்கு ஊர் பரவிக்கிடப்பதால் பொதுவில் எழுதுகிறேன். உன் பெயரையும் நம் பங்கின் பெயரையும் விட்டுவிட்டேன். அந்த அம்மாவின் பெயரை நான் எழுதித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை, அதுதான் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டதே.

படத்தில் பத்துக் கிலோ அரிசிப் பை ஒன்று இருக்கிறது. அதை ஐந்து பேர் பிடித்துக்கொண்டிருக்கிறோம். ஆமாம், ஓரத்தில் நிற்கிற ஐந்தாவது ஆள் நான்தான்; கூச்சமாக இருந்தும் விலகி நிற்கவில்லை, ஆகையால் உன்னைக் குற்றம் சொல்லும் தகுதி எனக்குப் பாதிதான் உண்டு. நடுவில் அந்த அம்மா, கையை எங்கே வைப்பது என்று தெரியாமல், எங்களையும் பார்க்காமல் கேமராவையும் பார்க்காமல் பையையே பார்த்தபடி நிற்கிறார். அவருடைய பேத்தி நம் பங்கில் மறைக்கல்வி வகுப்புக்கு வருகிறாள். அவளோடு படிக்கிற பிள்ளைகளின் வீடுகளில் எல்லாம் அந்தப் படம் இருக்கிறது.

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது அப்பா படுத்த படுக்கையானார். சனிக்கிழமைதோறும் மாலையில் இரண்டு பேர் சைக்கிளில் எங்கள் வீட்டுக்கு வருவார்கள். ஒருவர் ஓய்வுபெற்ற ஆசிரியர், மற்றவர் தையற்கடை வைத்திருந்தவர். வீட்டில் இருந்தது ஒரே நாற்காலி என்பதால் ஆசிரியர் அதில் உட்கார, தையற்காரர் அப்பாவின் பாயிலேயே உட்கார்ந்துகொள்வார். ஒருவர் என் கணக்கு நோட்டை வாங்கிப் பார்ப்பார். மற்றவர் வெந்நீர் கேட்டு வாங்கி அப்பாவுக்கு முகச்சவரம் செய்துவிடுவார். முக்கால் மணி நேரம் ஊர்க்கதை பேசிவிட்டு, ஒரு சிறு செபம் சொல்லிவிட்டுப் போவார்கள். அவர்கள் போன பிறகு கதவுக்குப் பின்னால் ஒரு பை இருக்கும். அதைப் பற்றி யாரும் பேசியதில்லை. அவர்கள் அப்பாவின் சிநேகிதர்கள் என்றே நான் நம்பிக்கொண்டிருந்தேன். கோயில் சபையிலிருந்து வந்தவர்கள் என்பது எனக்குத் தெரிந்தபோது கல்லூரியில் சேர்ந்துவிட்டிருந்தேன்.

அப்பா இறந்தபின் வேறோர் ஊருக்குக் குடிபெயர்ந்தோம். அங்கே ஒரு கிறிஸ்துமசுக்குப் பூசை முடிந்ததும் ஒலிபெருக்கியில் பெயர்களை வாசித்து, விதவைகளை வரிசையில் நிற்கவைத்துச் சேலை கொடுத்தார்கள். கொடுத்தவர்கள் நல்ல மனதோடுதான் கொடுத்தார்கள். அம்மா போய் வாங்கிக்கொண்டு வந்தாள், அந்தச் சேலையை ஒருநாளும் உடுத்தவில்லை. அதற்குப் பிறகு அவள் ஆட்கள் நிறைந்த இரண்டாம் பூசைக்குப் போவதை விட்டுவிட்டு, இருட்டோடு நடக்கும் முதல் பூசைக்குப் போகத் தொடங்கினாள்.

நம் சபையை, அதன் பெயருக்குரிய பிரெஞ்சுக் குருவான வின்சென்ட் தே பவுலே தொடங்கியதாகப் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அவர் 1660-ல் இறந்துவிட்டார். சபை பிறந்தது 1833 ஏப்ரல் 23 அன்று பாரிஸில். தொடங்கியவர்களில் முதன்மையானவரான பிரடெரிக் ஓசானாமுக்கு அன்றுதான் 20 வயது நிறைந்தது, அதாவது உன்னைவிடச் சிறியவர். முந்தைய ஆண்டில்தான் அந்நகரைக் காலரா சூறையாடியிருந்தது. உங்கள் திருச்சபை ஏழைகளுக்கு இன்று என்ன செய்கிறது என்று சக மாணவர்கள் விவாத மேடையில் மடக்கிய கேள்விக்குப் பதிலாகத்தான் அந்த இளைஞர்கள் கூடினார்கள். ஏழைகளோடு எப்படிப் பழகுவது என்பது அவர்களுக்குத் தெரியாது. மூஃப்தார் பகுதியில் பணியாற்றிய ரொசாலி ரெந்து என்ற அருட்சகோதரிதான் போக வேண்டிய வீடுகளைச் சொல்லி, அங்கே நடந்துகொள்ள வேண்டிய விதத்தையும் கற்றுக்கொடுத்தார். விவாதத்தில் தோற்றவர்கள் பதிலை மேடையில் சொல்லாமல் படியேறிப்போய்ச் சொன்னார்கள். இன்றுவரை வீடு சந்திப்பதே நம் முதல் வேலை, பொருள் கொடுப்பது அதோடு சேர்ந்துவருவது.

கொடுப்பவர்களுக்குக் கணக்குக் காட்ட வேண்டாமா என்று நீ கேட்டாய். கட்டாயம் காட்ட வேண்டும். இந்த மாதம் எத்தனை குடும்பங்கள், அரிசிக்கு எவ்வளவு, மருந்துக்கு எவ்வளவு, பள்ளிக் கட்டணத்துக்கு எவ்வளவு, மீதி எவ்வளவு என்று எழுதிக் கோயில் அறிவிப்புப் பலகையில் ஒட்டு; அதற்கு முகம் எதற்கு? நம் கூட்டத்தில் சுற்றிவரும் இரகசியப் பையை எடுத்துக்கொள். யார் எவ்வளவு போட்டார் என்பது பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாது. ஒன்றும் இல்லாதவர் வெறுங்கையை உள்ளே விட்டு எடுத்தாலும் தெரியாது. நம்முடைய வறுமைக்கு இத்தனை மறைவு வைத்திருக்கும் நாம், அந்த அம்மாவின் வறுமைக்கு மட்டும் ஏன் வைக்கவில்லை?

கேள்வி கேட்பதிலும் படம் எடுப்பதைப் போன்ற கொடுமை உண்டு. கணவன் விட்டுப்போன ஒரு பெண்ணிடம், பிள்ளைகளை வைத்துக்கொண்டே, மாதம் எவ்வளவு வருகிறது, அவர் எதுவும் அனுப்புவதில்லையா என்று நான் ஒருமுறை படிவம் நிரப்பியிருக்கிறேன். மூத்த பையன் எழுந்து வெளியே போய்விட்டான். கேட்க வேண்டியவைதான், ஆனால் மூன்றாவது சந்திப்பில் அவரே சொல்லியிருப்பார்.

பங்குமக்களுக்கு அன்பு இல்லாமல் இல்லை, அது ஒரே நாளில் வந்து குவிந்துவிடுகிறது என்பதுதான் சிக்கல். 1617-ல் ஷாத்தியோன் என்ற ஊரில் வின்சென்ட் பங்குக்குருவாக இருந்தார். வீட்டோடு நோயில் விழுந்த ஒரு குடும்பத்தைப் பற்றி அவர் பிரசங்கத்தில் சொன்னதும், ஊரே உணவைச் சுமந்துகொண்டு அந்த வீட்டுக்குப் போனது. இன்று மிஞ்சிக் கெட்டுப்போகும், நாளை மறுபடியும் பட்டினிதான் என்பதைக் கண்டுதான் அவர் பெண்களைக் கூட்டி முறை வைத்தார். அன்று அவர் எழுதிக்கொடுத்த விதிகளில் ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது: துணைக்கு ஆள் இருக்கும் நோயாளிகளிடம் முதலில் போய்விட்டு, தனியாக இருப்பவரிடம் கடைசியில் போக வேண்டும், அப்போதுதான் அவரோடு கூடுதல் நேரம் இருக்கலாம்.

நம் ஊர்ச் சாவு வீடுகளை நினைத்துப் பார். அடக்கம் வரைக்கும் கூட்டம். அடுப்பு எரியாத வீட்டுக்கு அன்பியத்தார், அதாவது பங்கின் அக்கம்பக்கத்துக் குடும்பக் குழுவினர், முறைவைத்துச் சோறும் சுக்குக்காப்பியும் கொண்டுவருகிறார்கள், அதில் நாம் யாருக்கும் சளைத்தவர்கள் அல்லர். முப்பதாம் நாள் பூசை முடிந்த மறுநாள் யார் போகிறோம்? இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்று, வங்கிக் கணக்கு, விதவை உதவித்தொகை என்று அந்தப் பெண் தனியாக அலையத் தொடங்குவது அதற்குப் பிறகுதான். டயாலிசிஸ் செய்துகொள்பவர்களும் இப்படித்தான். வாரத்தில் இரண்டு மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம், அதுவும் மாதக்கணக்காக. முதல் வாரம் ஆர்லிக்ஸ் பாட்டிலோடு போய்ப் பார்க்கிறோம். ஆனால் நாற்பதாவது வாரத்தில், கூடவே இருந்து களைத்த மனைவியை ஒரு பகல் வீட்டில் தூங்கச் சொல்லிவிட்டு அந்த நாற்காலியில் உட்கார ஓர் ஆள் வேண்டும். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை எடுக்கவும், படுக்கையில் இருப்பவர்களை 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சேர்க்கவும் உனக்கு இருக்கும் வேகம் எங்களில் யாருக்கும் இல்லை. அதில் நீயே முன்னே போ, நாங்கள் பின்னால் வருகிறோம். உட்காரும் வேலையை எங்களிடமிருந்து கற்றுக்கொள்.

நம்மைப் போலவே வீடு சந்திக்கும் இன்னொரு கத்தோலிக்க அமைப்பான மரியாயின் சேனையினர் வீடு சந்திக்கும்போது பொருளுதவி செய்யக்கூடாது என்பது அவர்களின் விதி. 1921-ல் டப்ளினில் அதைத் தொடங்கிய பிராங்க் டஃப் நம் சபையில் உறுப்பினராக இருந்தவர்தான் என்பது பலருக்குத் தெரியாது. சில சமயம் அவர்கள்மேல் எனக்குப் பொறாமையாக இருக்கும். கையில் ஒன்றும் இல்லாததால் அவர்கள் உட்கார்ந்தே ஆக வேண்டும். நமக்கோ பையை வைத்துவிட்டுக் கிளம்பிவிடும் வசதி இருக்கிறது.

நீ குழுவிலிருந்து படத்தை நீக்கிவிட்டதைப் பார்த்தேன், நான் கேட்காமலேயே நீக்கியிருக்கிறாய். ஆயினும் இந்த ஞாயிறு இரண்டாம் பூசையில் அந்த அம்மாவைக் காணவில்லை. முதல் பூசைக்கு வந்துவிட்டுப் போனதாகக் கோயில் வேலைகளைப் பார்க்கும் கோயில்பிள்ளை சொன்னார்.

சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு என் வீட்டுக்கு வா. நாம் இரண்டு பேர் மட்டும் போவோம். இந்த முறை பை எதுவும் வேண்டாம். நீ மன்னிப்புக் கேட்டுப் பேச்சைத் தொடங்க வேண்டாம், அவரே எடுத்தால் கேட்டுக்கொள்ளலாம். பேத்திக்குக் கணக்கு வராது என்று சென்ற மாதம் சொன்னார், அங்கிருந்து தொடங்குவோம். உன் பைக்கின் சத்தத்துக்குத் தெருவே எட்டிப் பார்க்கும், அதனால் நடந்தே போகலாம். போனை வீட்டில் வைத்துவிட்டு வா.

அன்புடன்,
உன் அண்ணன்