கொடைக்கானலில் காட்டேஜ், ஹோம்ஸ்டே நடத்துபவர்களுக்கு ஒரு திறந்த மடல்: சீசனுக்கு முன் வைஃபை சேனலைப் பேசிப் பிரித்துக்கொள்வோம்

அன்புள்ள அண்ணன்மார்களுக்கும் அக்காமார்களுக்கும் வணக்கம்.

ஆனந்தகிரி, நாயுடுபுரம், செண்பகனூர், வட்டக்கானல் என்று இந்த மலைச் சரிவுகளில் அறை வாடகைக்கு விடும் எல்லாருக்கும் சேர்த்து இதை எழுதுகிறேன். ரவுட்டர் மாட்டுவது, கேபிள் இழுப்பது, நெட் வரவில்லை என்றால் போய்ப் பார்ப்பது என் தொழில். சீசன் தொடங்கிவிட்டால் என் போன் ஓயாது. எல்லாரும் சொல்லும் குறை ஒன்றுதான்: "ஃபுல் சிக்னல் காட்டுது தம்பி, ஆனா ஒண்ணும் ஓபன் ஆகல." பெரிய பிளானுக்கு மாறியிருப்பார்கள், இரண்டாவது கனெக்‌ஷனும் வாங்கியிருப்பார்கள், அப்படியும் தீர்ந்திருக்காது. காசு வீணாவது ஒருபக்கம் இருக்கட்டும். அந்தக் காசில் வாங்கி மாட்டும் ஒவ்வொரு பெட்டியும் தெருவுக்கே தொல்லையைக் கூட்டுகிறது என்பதுதான் எனக்குப் பெரிய கவலை.

கோளாறு எங்கே என்று முதலில் சொல்லிவிடுகிறேன். நான் போய்ப் பார்க்கும் இடங்களில் பெரும்பாலும் ஃபைபர் நன்றாகத்தான் இருக்கிறது. ரவுட்டரில் லேன் கேபிளைச் செருகி லேப்டாப்பில் பார்த்தால், கட்டிய பணத்துக்கான வேகம் அப்படியே வருகிறது. ரவுட்டருக்கும் விருந்தினர் கையிலிருக்கும் போனுக்கும் நடுவே உள்ள சில மீட்டர் காற்றில்தான் எல்லாம் சிக்கிக்கொள்கிறது. அந்தக் காற்றில் உங்கள் ரவுட்டர் மட்டும் பேசவில்லை. மேல் வீட்டுக்காரர் ரவுட்டர், கீழ் வீட்டுக்காரர் ரவுட்டர், எதிர்ச் சரிவில் இருக்கும் ரவுட்டர் எல்லாமே பேசுகின்றன.

மலை என்பதால் இது இன்னும் மோசம். சமவெளி ஊரில் ஒரு வீட்டு வைஃபை பக்கத்துச் சுவர்களில் மோதிப் பாதி அடங்கிவிடும். இங்கே வீடுகள் படிப்படியாக நிற்கின்றன. மேல் வரிசை ஜன்னல் கீழ் வரிசைத் தகரக் கூரைக்கு மேலாகப் பார்க்கிறது. பள்ளத்தாக்கு தெரிய வேண்டும் என்று முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி போடுகிறோம். அதே கண்ணாடி வழியாகச் சிக்னலும் வெளியே போகிறது, நடுவில் தடுக்க ஒன்றும் இல்லை. உங்கள் பால்கனியில் நின்று வைஃபை அனலைசர் செயலி ஒன்றைத் திறந்து பாருங்கள். முகம் தெரியாத காட்டேஜ்களின் பெயரெல்லாம் வரிசையாக வரும்.

பெரும்பாலான ரவுட்டர்கள் இன்னும் நம்பியிருப்பது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை. அதன் மொத்த அகலம் 2400 முதல் 2483.5 மெகாஹெர்ட்ஸ் வரை, அதாவது 83.5 மெகாஹெர்ட்ஸ்தான். நம் நாட்டில் அதில் 13 சேனல்கள், அதாவது ரவுட்டர்கள் பேசுவதற்கான எண்ணிட்ட இடங்கள், உண்டு. ஆனால் ஒரு சேனலுக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 5 மெகாஹெர்ட்ஸ். ஒரு ரவுட்டர் பேசுவதற்கோ கிட்டத்தட்ட 20 வேண்டும். ஆகவே 3-இல் இருப்பவர் 1-இல் இருப்பவரையும் மிதிப்பார், 6-இல் இருப்பவரையும் மிதிப்பார். ஒன்றோடொன்று உரசாமல் இருக்கக்கூடியவை 1, 6, 11 என்ற மூன்றுதான். 12, 13 காலியாகக் கிடக்கிறதே என்று அங்கே போகாதீர்கள். அமெரிக்காவில் வாங்கிய சில சாதனங்களுக்கு அந்தச் சேனல்கள் கண்ணிலேயே படாது, வெளிநாட்டு விருந்தினர் வந்து உங்களிடம்தான் கேட்பார்.

இதில் பலருக்கும் புரியாத ஒரு விஷயம் உண்டு. "பக்கத்து வீட்டுக்காரர் 6-இல் இருக்கிறார், எதிர்வீட்டுக்காரர் 1-இல் இருக்கிறார், நான் நடுவில் 3-ஐ எடுத்துக்கொண்டேன்" என்று சிலர் சொல்கிறார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரே சேனலில் இருக்கும் ரவுட்டர்களுக்கு ஒன்றின் பேச்சு மற்றதற்குப் புரியும். ஒன்று பேசும்போது மற்றது நிறுத்திக் காத்திருக்கும். வத்தலக்குண்டு பாதையின் குறுகலான வளைவில் ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி ஒதுங்கி நிற்பதைப் போல, தாமதம் ஆனாலும் இரண்டும் ஊர் போய்ச் சேரும். 3-இல் இருப்பவரின் பேச்சோ 1-க்கும் 6-க்கும் வெறும் இரைச்சலாகத்தான் கேட்கும். யாரும் யாருக்காகவும் காத்திருக்க மாட்டார்கள். ஒன்றன்மேல் ஒன்று பேசி, அனுப்பியது கெட்டு, திரும்பத் திரும்ப அனுப்பி, எல்லாருக்கும் நேரம் போகும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டி வந்தால், நடுவில் நுழைவதைவிட அண்டை வீட்டுக்காரரின் சேனலையே பகிர்ந்துகொள்வது மேல்.

சரி, இதை யாரிடம் போய்ப் புகார் செய்வது? நம் கோடை பண்பலையை எடுத்துக்கொள்ளுங்கள். இங்கிருந்து 100.5 மெகாஹெர்ட்ஸில் கிளம்பி மதுரை, தேனி, திண்டுக்கல் வரை தெளிவாகக் கேட்கிறது. அந்த எண்ணில் இந்தப் பக்கம் வேறு யாருக்கும் இடம் கிடையாது என்று அரசு ஒதுக்கி வைத்திருப்பதால்தான் அந்தத் தெளிவு. வைஃபைக்கு அப்படி ஒதுக்கீடு எதுவும் இல்லை. 2005 ஜனவரியில் மத்திய அரசு 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு உரிமம் தேவையில்லை என்று விதி போட்டது. கூடவே நிபந்தனையும் வைத்தது: பிறருக்கு இடைஞ்சல் செய்யக் கூடாது, தனக்கு இடைஞ்சல் வந்தால் பாதுகாப்பு கேட்கவும் முடியாது, எல்லாரும் பகிர்ந்துதான் பயன்படுத்த வேண்டும். ஆகவே எந்த அதிகாரியும் வந்து நம் தெருவுக்குச் சேனல் பிரித்துக் கொடுக்கப் போவதில்லை. அந்த அதிகாரம் உங்களிடம்தான் இருக்கிறது. அதனால்தான் மடலை உங்களுக்கு எழுதுகிறேன்.

மேகம் இறங்கினால் நெட் போய்விடும் என்று இங்கே பெரியவர்கள் முதல் சின்னப் பிள்ளைகள் வரை நம்புகிறார்கள். வீட்டுக்குள் இருக்கும் தூரத்துக்கு மேகமும் மழையும் வைஃபையை ஒன்றும் செய்வதில்லை. மேகம் இறங்கினால் கோக்கர்ஸ் வாக்கில் பார்க்க ஒன்றும் இருக்காது. விருந்தினர்கள் எல்லாரும் அறைக்குள் உட்கார்ந்து ஒரே நேரத்தில் வீடியோ பார்ப்பார்கள். எல்லாக் காட்டேஜிலும் அதே நேரத்தில் அதே கதை. காற்று நிரம்புவது அதனால்.

மின்வெட்டும் இப்படித்தான். சேனலை ஆட்டோவில் விட்டிருப்பதால் ரவுட்டரே பார்த்துக்கொள்ளும் என்று நினைக்கிறோம். பல ரவுட்டர்கள் ஆன் ஆகும்போது மட்டும்தான் சுற்றிலும் பார்த்து ஒரு சேனலை எடுக்கின்றன. கரண்ட் போய்த் திரும்பி வந்தால் தெருவிலுள்ள அத்தனை ரவுட்டரும் ஒரே நிமிடத்தில் உயிர் பெறுகின்றன. ஒவ்வொன்றும் பார்க்கிறது, மற்றது இன்னும் பேச ஆரம்பிக்கவில்லை, காற்று காலி என்று நினைக்கிறது. அப்புறம் பாதிக்கு மேல் ஒரே சேனலில் போய் உட்கார்ந்துகொள்கின்றன. அடுத்த மின்வெட்டு வரை அப்படியே கிடக்கும். கரண்ட் இப்படிப் போய் வரும் மலையில் ஆட்டோவை நம்ப முடியாது. எண்ணை நாமே போட்டு வைக்க வேண்டும்.

ரிப்பீட்டர் வாங்கும் பழக்கத்தையும் விட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். கடையில் பூஸ்டர் என்று சொல்லி விற்கும் சாதாரணப் பெட்டி, ரவுட்டர் சொன்னதைக் கேட்டு அதே சேனலில் இன்னொரு முறை சொல்கிறது. ஒரு விஷயத்துக்கு இரண்டு தடவை காற்று செலவாகிறது. உங்களுக்கும் வேகம் பாதியாகிறது, அண்டை வீட்டுக்காரருக்கும் இடம் குறைகிறது. பவரைக் கூட்டுவதாலும் பயன் இல்லை. ரவுட்டர் உரக்கப் பேசினால் போனில் கோடு நிறையத் தெரியும், ஆனால் போனின் குரல் பழைய சிறிய குரல்தான். அது பதில் சொன்னால் ரவுட்டருக்குக் கேட்காது. ஃபுல் சிக்னல் இருந்தும் ஒன்றும் திறக்காததற்கு இதுவும் ஒரு காரணம். பவரைக் குறைத்து, அறைக்குப் பக்கத்தில் கேபிள் மூலம் இன்னொரு ஆக்சஸ் பாயின்ட் (கேபிளில் வரும் நெட்டை வைஃபையாகத் தரும் பெட்டி) வைப்பதுதான் சரியான வழி.

வைஃபை சிசிடிவி கேமராக்களைப் பற்றி நான் ஓயாமல் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். விலை குறைந்தவை பலவும் 2.4-இல் மட்டுமே ஓடுபவை. வாசல், பார்க்கிங், மாடிப்படி என்று வைத்து இரவு பகலாகப் படம் அனுப்பிக்கொண்டிருக்கின்றன. அவற்றுக்கு வயர் இழுத்துவிட்டாலே உங்கள் தெருவில் பெரிய நிம்மதி கிடைக்கும். அறைக்கு ஒரு வைஃபை பெயர் வைப்பதும் வேண்டாம். யாரும் பயன்படுத்தாவிட்டாலும் ஒவ்வொரு பெயரும் நொடிக்குப் பத்து தடவை போல "நான் இருக்கிறேன்" என்று அறிவித்துக்கொண்டே இருக்கும்.

உங்கள் ரவுட்டரில் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையும் இருந்தால் விருந்தினரை அங்கே அனுப்புங்கள். 2018 அக்டோபரில் அங்கே மொத்தம் 605 மெகாஹெர்ட்ஸ் உரிமமின்றித் திறந்துவிடப்பட்டது. 2.4-இல் இருப்பதைப் போல ஏழு மடங்குக்கு மேல். ஏரிப் பக்கத்துப் பழைய பங்களாக்களின் கனமான கல் சுவரை அது தாண்டாது என்பது உண்மைதான். தாண்டாததே நல்லது, பக்கத்து அறைக்கும் பக்கத்து வீட்டுக்கும் இடைஞ்சல் இல்லை. ஆனால் அங்கே கேபிள் இழுக்காமல் தப்பிக்க முடியாது.

இனி நான் கேட்பது. தெருவுக்கு ஒருவர் பொறுப்பெடுங்கள். ஒரு வரிசையில் முதல் வீடு 1, அடுத்தது 6, அடுத்தது 11, மறுபடி 1 என்று போடலாம். அதற்குக் கீழ் வரிசையை 6-இல் தொடங்குங்கள், அதற்கும் கீழ் வரிசையை 11-இல். அப்போது பக்கத்து வீட்டோடும் மோதாது, நேர் மேலே இருக்கும் வீட்டோடும் மோதாது. சேனல் அகலம் 2.4-இல் 20 மெகாஹெர்ட்ஸ் மட்டும் இருக்கட்டும். 40 என்று வைத்தால் ஒரே வீடு பாதி அலைவரிசையை விழுங்கிவிடும். இதில் எதற்கும் பைசா செலவில்லை, ரவுட்டர் செட்டிங்கில் ஐந்து நிமிட வேலை.

இது விருந்தினருக்காக மட்டும் கேட்பதில்லை. இந்தத் தெருக்களில் காட்டேஜ்களுக்கு நடுவே குடும்பங்களும் இருக்கின்றன. ஆன்லைனில் டியூஷன் படிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள், வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். ஏப்ரல், மே மாதங்களில் அவர்கள் படும் பாட்டை நான் நேரில் பார்க்கிறேன். பத்து ரவுட்டர் வைக்க அவர்களுக்கு வசதி கிடையாது, ஒரு ரவுட்டர்தான். அந்த ஒன்றுக்கு நாம் இடம் விட்டாக வேண்டும்.

மார்ச் முடிவதற்குள் இதைச் செய்துவிடலாம். கூட்டம் இல்லாத வார நாளில் எந்தத் தெருவிலிருந்து கூப்பிட்டாலும் வருகிறேன், அளந்து பார்த்து எண் சொல்வதற்குக் காசு வேண்டாம். உங்கள் ரவுட்டரின் அட்மின் பாஸ்வேர்டை மட்டும் கனெக்‌ஷன் கொடுத்தவரிடம் முன்கூட்டியே கேட்டு எழுதி வையுங்கள். அது தெரியாமல் சேனலை மாற்ற முடியாது. வீட்டு வரிசையும் சேனல் எண்ணும் எழுதிய ஒரு தாளை எல்லார் ரிசப்ஷனிலும் ஒட்டிவிட்டால், புதிதாக ரவுட்டர் மாட்ட வருபவர் யாராக இருந்தாலும் அதைப் பார்த்தே எண்ணைப் போட்டுவிடுவார்.

இப்படிக்கு,
உங்கள் தெருக்களில் கேபிள் இழுக்கும் ஒருவன்,
கொடைக்கானல்