இவோன் கூலகாங்கின் கணக்கில் விடுபட்டவை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் ஆஸ்திரேலிய டென்னிஸ் வீராங்கனை இவோன் கூலகாங் பற்றி வெளியான கட்டுரையை விருப்பத்துடன் படித்தேன். ஆனால், உலகத் தரவரிசையில் அவர் முதலிடத்தை எட்டியதே இல்லை என்று அதில் எழுதியிருப்பது பிழை. 1976 ஏப்ரல் இறுதியில் கிறிஸ் எவர்ட்டை முந்தி இரண்டு வார காலம் அவர் முதலிடத்தில் இருந்தார். அப்போதைய தரவரிசைப் பதிவுகள் முழுமையாக இல்லாததால் அது அவருக்கே தெரியாமல் போயிற்று. மகளிர் டென்னிஸ் சங்கம் 2007இல்தான் அதைக் கண்டறிந்து அறிவித்தது. பேரேட்டில் ஏறாமல் போன வரவு ஒன்று 31 ஆண்டு கழித்து ஐந்தொகையில் தலைகாட்டிய இக்கதை, வட்டிக்கடைக் கணக்கில் ஊறிய எங்கள் பக்கத்துப் பெரியவர்களுக்கு மிகவும் சுவைத்திருக்கும்.

கைக்கெட்டிய இறுதி ஆட்டங்களைக் கவனக்குறைவால் நழுவவிட்டவர் என்று கட்டுரை தரும் தீர்ப்பையும் என்னால் ஏற்க இயலவில்லை. 1973 முதல் 1976 வரை அமெரிக்க ஓப்பனில் தொடர்ந்து நான்கு முறை இறுதியில் தோற்றார் என்பது உண்மையே. தோற்றது யாரிடம்? அக்காலத்தின் தலைசிறந்த வீராங்கனைகளான மார்கரெட் கோர்ட்டிடமும், பில்லி ஜீன் கிங்கிடமும், இரு முறை எவர்ட்டிடமும். அதே காலத்தில் ஆஸ்திரேலியப் பட்டத்தை 1974, 1975, 1976 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து வென்றிருக்கிறார். அவருடைய கவனம் சிதறியபோதெல்லாம் அதைப் பழங்குடிப் பிறப்போடு முடிச்சுப் போட்டு எழுதியவை அக்காலத்துப் பத்திரிகைகள். அந்தப் பழைய ஏளனத்தைத் தமிழில் நாமும் எடுத்துச் சொல்ல வேண்டுமா?

'இயற்கை தந்த வரம்' என்று ஒரே தொடரில் கட்டுரை கடந்துவிட்ட அவருடைய இளமைக்காலம்தான், நெடுங்காலம் உடற்கல்வி ஆசிரியையாக இருந்த எனக்கு முக்கியமாகப் படுகிறது. நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் கோதுமை விளையும் பாரெல்லன் என்னும் சிற்றூரில், விராட்ஜுரி இனத்தைச் சேர்ந்த குடும்பத்தில், ஆட்டு ரோமம் கத்தரிக்கும் தொழிலாளியின் எட்டுப் பிள்ளைகளில் ஒருவராக வளர்ந்தவர் அவர். பழங்குடிப் பிள்ளைகளை அரசு அதிகாரிகள் பெற்றோரிடமிருந்து பிரித்துக் கொண்டுபோன காலம் அது. பளபளப்பான கார் தெருவில் வந்தால் ஓடி ஒளிந்துகொள்ளும்படி தாய் சொல்லி வைத்திருந்தார். அப்படிப்பட்ட சிறுமி டென்னிஸ் மைதானத்து வேலிக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தபோது, பில் கர்ட்ஸ்மன் என்ற உள்ளூர்க்காரர் உள்ளே வந்து ஆடச் சொன்னார். பிறகு சிட்னியில் விக் எட்வர்ட்ஸிடம் பயிற்சி பெற அவரை அனுப்பிவைக்க ஊரார் பணம் திரட்டிக் கொடுத்தனர். 1971இல், 19 வயதில், பிரெஞ்சு ஓப்பனையும், கோர்ட்டை 6-4, 6-1 என வீழ்த்தி விம்பிள்டனையும் அவர் வென்றதற்குப் பின்னால் இயற்கை மட்டுமன்றி அந்த ஊரும் இருந்தது.

செட்டிநாட்டில் ஊர் கூடிப் பணம் திரட்டுவது புதிதன்று. கோயில் காரியம் என்றால் புள்ளி வரி போட்டு ஒரு வீடு விடாமல் வசூலித்துவிடுவார்கள். கல்விக்கும் வாரி வழங்கிய மண் இது. காரைக்குடியில் அழகப்பர் பெயரில் உடற்கல்விக் கல்லூரியே இருக்கிறது. ஆயினும், நன்றாக ஆடும் பெண் பிள்ளை ஒருத்தியைச் சென்னைக்கு அனுப்பிப் பயிற்றுவிக்க எந்த ஊரும் வசூல் செய்து என் பணிக்காலத்தில் நான் பார்த்ததில்லை. பெரியவளானதும் மைதானத்துக்கு வராமல் நின்றுபோன மாணவியரைத்தான் பார்த்திருக்கிறேன்; அவர்களுள் சிலர் என்னைவிட வேகமாக ஓடக்கூடியவர்கள்.

திருமணத்தோடு ஆட்டம் முடிந்தது என்று நினைக்கும் பெற்றோருக்காகவாவது 1980ஆம் ஆண்டைக் கட்டுரை விரித்துச் சொல்லியிருக்கலாம். 1977 மே மாதம் மகளைப் பெற்றெடுத்த கூலகாங், அந்த ஆண்டு முடிவதற்குள் ஆஸ்திரேலியப் பட்டத்தை மீண்டும் வென்றார். 1980 விம்பிள்டனில், அரையிறுதியில் டிரேசி ஆஸ்டினை மூன்று செட்களில் வென்று, இறுதியில் எவர்ட்டை 6-1, 7-6 என வீழ்த்தினார். முதல் விம்பிள்டன் பட்டத்துக்கும் இதற்கும் இடையே ஒன்பது ஆண்டுகள். குழந்தை பெற்ற பெண் ஒருவர் அங்கே ஒற்றையர் பட்டம் வென்றது, 1914இல் டொரோதியா லாம்பர்ட் சேம்பர்ஸ் வென்றதற்குப் பிறகு அதுவே முதல் முறை. இவ்வளவையும் கட்டுரை 'பின்னர் ஒரு முறை மீண்டும் வென்றார்' என்று முடித்துவிட்டது.

எனவே, தரவரிசை பற்றிய பிழைக்கு அடுத்த இதழில் திருத்தம் வெளியிட வேண்டுகிறேன். இடமிருந்தால் 1980ஆம் ஆண்டு ஆட்டத்தைப் பற்றித் தனியே ஒரு பக்கம் எழுதச் செய்யுங்கள். எங்கள் பள்ளியின் அறிவிப்புப் பலகையில் அதை ஒட்டிவைக்கச் சொல்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியை ஒருவர்,
தேவகோட்டை.