மாடிப்படிக்கு மேலே

நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு வட்டாரத்தில் பெண்கள் உறைவிடப் பள்ளி நடத்தும் தாளாளர்களுக்கு,

வணக்கம். பத்தாம் வகுப்பு முடித்த பெண்ணை அழைத்துக்கொண்டு இந்தக் கோடையில் உங்கள் வாசல்களில் ஏறி இறங்கிய அம்மாக்களில் நானும் ஒருத்தி. ஊர் பட்டுக்கோட்டைப் பக்கம். விடியற்காலை பஸ் ஏறி, தஞ்சாவூர், திருச்சி என்று மாறி மாறி வந்து, லாட்ஜில் தங்கி, மூன்று நாளில் ஐந்து பள்ளிகளைப் பார்த்தோம். பார்த்தோம் என்று சொல்வது பெரிய வார்த்தை. ஐந்து பள்ளிகளின் ரிசப்ஷனைப் பார்த்தோம்.

குறை சொல்ல ஒன்றுமில்லாத ரிசப்ஷன்கள். ஏசி, ஜூஸ், கண்ணாடி அலமாரி நிறையக் கோப்பைகள். ரேங்க் அறிவிக்கும் வழக்கத்தை அரசு 2017இலேயே நிறுத்திவிட்டது. உங்கள் வாசல் பிளக்ஸுகளுக்கு அந்தச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை போலிருக்கிறது. அது போகட்டும். நான் முதலில் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "ஹாஸ்டலைக் கொஞ்சம் பார்க்கலாமா?"

ஒரு பள்ளியில் மாடிப்படி வரை கூட்டிப்போனார்கள். முதல் படியில் கால் வைத்தேன். கூட வந்த நிர்வாக அலுவலர் கையை நீட்டி மறித்துச் சிரித்தார். "ரிசல்ட்டைப் பாருங்கம்மா. பாத்ரூமைப் பாத்து என்ன பண்ணப் போறீங்க?"

இந்த மடலை எழுத வைத்தது அந்தச் சிரிப்புதான்.

சரி, ரிசல்ட்டையே பார்ப்போம். அவருக்கு ஒரு போன் வந்து அந்தப் பக்கம் நகர்ந்தபோது, கோடை வகுப்புக்குத் தங்கியிருந்த பிளஸ் டூ மாணவி ஒருத்தி என் மகளிடம் பேச்சுக் கொடுத்தாள். ஒரு தளத்தில் 64 பெண்கள். குளியலறை ஆறு. காலை நாலரைக்கு மணி அடிக்கும், ஐந்தரைக்கு ஸ்டடி. அறுபது நிமிடத்தை ஆறால் பெருக்கி 64ஆல் வகுத்தால் ஒரு பிள்ளைக்கு எவ்வளவு வருகிறது என்று உங்கள் கணக்கு ஆசிரியரிடமே கேட்டுப் பாருங்கள். ஆறு நிமிடம்கூடத் தேறாது. அதற்குள் குளித்து, துணி அலசி, தலை பின்னி வர வேண்டும். மாதவிலக்கு நாளிலும் அதே ஆறு நிமிடம்தான்.

அந்தப் பெண் அடுத்துச் சொன்னதைக் குரலைத் தாழ்த்தி என்னிடம்தான் சொன்னாள். "ஆன்ட்டி, நாப்கின் போட டப்பா கிடையாது. பேப்பர்ல சுத்திக் கட்டிலுக்கு அடியில வச்சிருப்போம். ஞாயித்துக்கிழமை வந்து அள்ளுவாங்க."

ஒரு வாரம். கட்டிலுக்கு அடியில். அதே கட்டிலில் உட்கார்ந்துதான் அந்தப் பிள்ளை உயிரியலில் இனப்பெருக்க மண்டலம் படித்து, முழு மதிப்பெண் வாங்கி, உங்கள் பிளக்ஸில் சிரிக்க வேண்டும்.

என் நாத்தனார் மகள் வேறொரு மாவட்டத்தில் இதுபோன்ற விடுதியில் இருந்தவள். கழிவறைக்கு வரிசையில் நிற்க வேண்டுமே என்று தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டாள். அரையாண்டு விடுமுறைக்கு வந்தவள் சிறுநீர்த் தொற்று முற்றிப்போய்க் காய்ச்சலோடு ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். "ஏன்டி போன்ல சொல்லல?" என்று கேட்டதற்கு, "வார்டன் பக்கத்துலயே நிப்பாங்க அத்தை" என்றாள். வாரத்துக்கு ஒரு போன், ஐந்து நிமிடம், ஸ்பீக்கரில். இதையெல்லாம் ஸ்பீக்கரில் சொல்ல முடியுமா? இப்போது புரிகிறதா, நான் எதற்காகப் பாத்ரூம் பார்க்கக் கேட்டேன் என்று?

எங்களுக்கு நிர்ப்பந்தம் இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். என் மகள் இதுவரை அரசுப் பள்ளியில் படித்தவள். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே படித்தால்தான் மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு. உங்களிடம் வந்தால் அது போகும். புதுமைப்பெண் திட்டத்தில் கல்லூரிக் காலத்தில் வரும் மாதம் 1,000 ரூபாயும் போகும். இருந்தும் ஏன் வந்தேன்? எங்களுக்குப் பக்கத்து மேல்நிலைப் பள்ளியில் இயற்பியலுக்கு ஆள் இல்லை. ஸ்பெஷல் கிளாஸ் முடிந்து திரும்பினால் பஸ்ஸும் இல்லை. (அதற்குக் கல்வித் துறைக்குத் தனியாக ஒரு மடல் பாக்கி இருக்கிறது. இன்று உங்கள் முறை.) என் மாமியாரோ, பொம்பளைப் புள்ளைங்க மட்டும் படிக்கிற இடம் என்றால் அனுப்பு, இல்லாவிட்டால் வேண்டாம் என்று முடிவாகச் சொல்லிவிட்டார். ஆக, தேடித் தேடி உங்கள் வாசலுக்குத்தான் வர வேண்டியிருக்கிறது.

வந்தவளிடம் சுவரின் உயரத்தைச் சொன்னீர்கள். பன்னிரண்டு அடி, மேலே முள்கம்பி. குளியலறைக் கதவில் உள்தாழ்ப்பாள் இருக்கிறதா என்று கேட்டேன். அந்த விவரம் யாரிடமும் இல்லை. ரிசப்ஷன் சுவரில் குழந்தைகள் உதவி எண் 1098 என்று அழகாக எழுதியிருக்கிறீர்கள். மிக்க மகிழ்ச்சி. உள்ளே இருக்கும் குழந்தை எந்தப் போனிலிருந்து அதைக் கூப்பிடும்?

பொள்ளாச்சியில் 2014இல் விடுதிச் சிறுமிகளுக்கு நடந்த கொடுமையும், அதே ஆண்டில் பெண்கள், குழந்தைகள் விடுதிகளுக்கென்று தனிச் சட்டம் வந்ததும் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மாவட்ட ஆட்சியரின் உரிமம் இல்லாமல் விடுதி நடத்தக் கூடாது. அந்த உரிமத்தைப் பார்க்கலாமா என்று ஐந்து இடத்திலும் கேட்டேன். ஒரு பள்ளியில் உடனே எடுத்துக் காட்டினார்கள், அவர்களுக்கு நன்றி. அங்கேயும் விடுதி என்று காட்டியது புதுப் படுக்கை விரிப்பு போட்ட ஓர் அறையைத்தான். யாரும் அதில் தங்கிய அடையாளம் இல்லை. மற்ற நான்கு இடத்திலும் "ஃபைல்ல இருக்கும்மா." கள்ளக்குறிச்சியில் 2022 ஜூலையில் விடுதியில் தங்கிப் படித்த பிளஸ் டூ மாணவி இறந்துபோனதற்குப் பிறகு ஓர் அம்மாவிடம் சொல்லக்கூடிய பதிலா இது?

உங்கள் ஊர் எனக்குப் புதிதல்ல. என் தம்பி லாரிக்கு பாடி கட்ட நாமக்கல் பட்டறையில்தான் கொடுத்தான். மூன்று தடவை நேரில் போனான். பட்டறைக்காரர் நாற்காலி போட்டு, டீ வாங்கிக் கொடுத்து, எந்த மரம், எந்தத் தகடு, எங்கே வெல்டிங் என்று தட்டித் தட்டிக் காட்டினாராம். "உங்க வண்டி, நீங்க பாக்காம யாரு பாக்கறது?" என்று வேறு சொல்லியிருக்கிறார். அதே ஊரில், என் மகள் இரண்டு வருடம் படுத்து எழும் அறையைப் பார்க்க எனக்கு அனுமதி இல்லை. ஆனால் 25,000 அட்வான்ஸ் மட்டும் இன்றைக்கே கட்டிவிட வேண்டும், திருப்பித் தரப்பட மாட்டாது.

கோபத்தில் வார்த்தை கொஞ்சம் தடித்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்களில் பலர் வாத்தியாராக வாழ்க்கையைத் தொடங்கியவர்கள், பெண் பிள்ளைகளைப் பெற்றவர்கள். கட்டணத்தைக் குறைக்கச் சொல்லி இதை எழுதவில்லை. என் கணவர் சவுதியில் இருந்து அனுப்பும் பணத்தில் எப்படியோ கட்டிவிடுவோம். நாலரை மணிக்கு எழுப்புவதைக்கூட நிறுத்தச் சொல்லவில்லை. பணம் வாங்கும் முன் விடுதியைத் திறந்து காட்டுங்கள். மாதிரி அறையை அல்ல, பிள்ளைகள் இருக்கும் தளத்தை. குளியலறையை, தாழ்ப்பாளை, நாப்கின் போடும் டப்பாவை, அது இல்லையென்றால் அது இல்லாத இடத்தையும். பிள்ளைகள் படிப்பது கெடும் என்றால் அவர்கள் வகுப்பில் இருக்கும் நேரத்தைச் சொல்லுங்கள், அப்போது வருகிறோம். ஆண்கள் வரக் கூடாது என்றால் அதுவும் சரி. அம்மாக்களை மட்டும் விடுங்கள்.

ஐந்தில் இரண்டு பள்ளிகள் என் மகளுக்குப் பிடித்திருக்கின்றன. அதில் ஒன்று அந்த மாடிப்படி இருக்கும் பள்ளி. அங்கே லைப்ரரி நன்றாக இருந்ததாம். வருகிற சனிக்கிழமை காலை பதினோரு மணிக்கு மறுபடி வருகிறோம். தயவுசெய்து வார்டனிடம் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். செருப்பைக் கீழேயே கழற்றி வைத்துவிட்டு ஏறுகிறோம். பத்து நிமிடம் போதும்.

இப்படிக்கு,
அட்மிஷன் படிவத்தை இன்னும் நிரப்பாமல் கைப்பையில் வைத்திருக்கும்
ஓர் அம்மா