மூச்சு எல்லோருக்கும் இருபதா?

ஆசிரியருக்கு வணக்கம்.

செவிலியர் படிப்பில் சேர்ந்த பிள்ளை முதன்முதலாக வார்டு டியூட்டிக்குப் போகும் பருவத்தில்தான் வீட்டில் கவலை தொடங்குகிறது. மதிப்பெண் சரிகிறது, தூக்கம் கெடுகிறது, ‘இந்தப் படிப்பே வேண்டாம்’ என்ற பேச்சும் கிளம்புகிறது. மதிப்பெண் பட்டியலை வைத்தே பெற்றோரும், சில சமயம் கல்லூரியும் தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். மாணவர்களுக்கு வார்டில் பயிற்சி தருகிறவர்கள் நாங்கள். அந்தப் பருவத்தில் ஒருவர் தேறியிருக்கிறாரா என்று அறிய, விடைத்தாளைவிட நோயாளியின் கட்டிலில் தொங்கும் சார்ட்டையே நம்புகிறோம்.

முதல் வாரத்துச் சார்ட்டுகளைப் புரட்டிப் பாருங்கள். காய்ச்சல், நாடி எல்லாம் ஆளுக்கு ஆள் மாறியிருக்கும். மூச்சுக்கான கட்டத்தில் மட்டும் வார்டு முழுக்க 20, 20, 20. பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 12 முதல் 20 வரை இயல்பு என்று பாடத்தில் இருக்கிறது. அதில் ஓரத்து எண்ணை எடுத்து எல்லோருக்கும் போட்டாயிற்று. சோம்பல் என்று திட்டிவிடுவது சுலபம். உண்மைக் காரணம் வேறு. நாடிக்கு விரல் வைக்க வேண்டும், பி.பி.க்குக் கருவி கட்ட வேண்டும்; மூச்சுக்கோ ஒரு முழு நிமிடம் சும்மா நிற்க வேண்டும். எல்லோரும் ஓடிக்கொண்டிருக்கும் வார்டில் சும்மா நிற்கப் புதியவருக்குத் துணிவு வராது. போதாததற்கு, மூச்சை எண்ணப் போகிறோம் என்று நோயாளிக்குத் தெரிந்தால் மூச்சே மாறிவிடும்.

அதற்கு வழி உண்டு. நாடி பார்த்த விரலை மணிக்கட்டிலிருந்து எடுக்காமல், பார்வையை மட்டும் நெஞ்சுக்குத் திருப்பி, 60 விநாடி எண்ணுவது. நோயாளி இன்னமும் நாடிதான் பார்க்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருப்பார். 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்குவது குறுக்குவழி. அதில் ஒரு மூச்சு தவறினால் விடையில் நான்கு தவறும். ஒருவர் உடல்நிலை மோசமாகும்போது பி.பி. இறங்குவதற்கு வெகு முன்பே மூச்சு ஏறத் தொடங்குவது அடிக்கடி நடப்பது. எண்ணாமல் எழுதிய 20க்குள் ஒரு 28 ஒளிந்திருக்கலாம். அந்தக் கட்டங்களில் 17, 22, 19 என்று எண்கள் பிரியத் தொடங்குகிற நாளில்தான், பிள்ளை நோயாளியைப் பார்க்கத் தொடங்கிவிட்டது என்று எங்களுக்குத் தெரியும்.

பி.பி.யும் இதே கதைதான். கருவியின் கோடுகள் இரண்டு இரண்டாகப் போகின்றன. சார்ட்டில் 120/80, 130/90 என்று எல்லாம் பூஜ்ஜியத்தில் முடிகிறது. கை பருத்தவருக்குச் சின்ன கஃப் (கையில் சுற்றும் காற்றுப்பட்டை) கட்டினால் அளவு கூடுதலாகக் காட்டும். கை இதய மட்டத்துக்குக் கீழே தொங்கினாலும் கூடும், அளக்கும்போது பேச்சுக் கொடுத்தாலும் கூடும். காற்றை வேகமாக இறக்கினால் மேல் அளவு குறைந்தும் கீழ் அளவு கூடியும் பதிவாகும். காற்றை ஏற்றும்போது மணிக்கட்டு நாடி எந்த அளவில் மறைகிறது என்று தொட்டுக் கண்டுபிடித்து, அதற்கு மேல் 30 மி.மீ. ஏற்றி, விநாடிக்கு இரண்டு மூன்று மி.மீ. வீதம் இறக்க வேண்டும். இது கைக்கு வரச் சில வாரங்கள் பிடிக்கும், கெட்டிக்கார மாணவருக்கும்தான்.

அதிகம் பேசவேண்டியது மருந்துக் கணக்கு. வகுப்பில் முழு மதிப்பெண் வாங்கியவர் வார்டில் தடுமாறுவதைப் பார்த்துப் பலர் வியக்கிறார்கள். கேள்வித்தாளில் தேவையான எண்கள் எல்லாம் கோர்த்துக் கொடுக்கப்பட்டிருக்கும். வார்டில் அவற்றைத் தேடி எடுக்க வேண்டும். 1000 மி.லி. திரவத்தை 8 மணி நேரத்தில் ஏற்ற வேண்டும். மி.லி.க்கு 20 சொட்டு விழும் டிரிப் செட் என்றால் நிமிடத்துக்கு 42 சொட்டு. மாணவர் 42ஐ மனப்பாடம் செய்துவிடுகிறார். அன்றைக்குக் கைக்குக் கிடைத்தது 15 சொட்டு செட் என்றால் 31 போதும். அதில் 42 வைத்தால் எட்டு மணி நேரத்துத் திரவம் ஆறு மணி நேரத்தில் ஏறிவிடும். இதயம் பலவீனமானவருக்கு மூச்சுத்திணறலில் கொண்டுபோய் விடலாம். செட்டின் உறையிலேயே அந்த எண் அச்சிட்டிருக்கிறது. உறையைக் கிழித்துக் குப்பையில் போடுவதற்கு முன் படிக்கும் பழக்கம்தான் அந்தப் பருவத்தின் பாடம்.

இன்சுலினில் பிசகு இன்னும் ஆபத்து. மி.லி.க்கு 100 யூனிட் உள்ள இன்சுலினை மி.லி.க்கு 40 யூனிட் என்று கோடிட்ட சிரிஞ்சில், 10 யூனிட் என்று நினைத்து 10 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 25 யூனிட். எழுத்திலும் கவனம் வேண்டும்: ‘.5’ என்று எழுதினால் புள்ளி கண்ணுக்குத் தப்பி 5 ஆகும், ‘5.0’ 50 ஆகும். ‘0.5’, ‘5’ என்றுதான் எழுத வேண்டும். இன்னொருவரிடம் சரிபார்க்கச் சொல்லும்போது விடையைக் காட்டக் கூடாது. காட்டினால் அவர் கண்ணுக்கும் அதே விடைதான் தெரியும். தனித்தனியாகப் போட்டுப் பார்த்து, பிறகு ஒப்பிட வேண்டும்.

அடுத்தது வாய். ‘டாக்டர், ஏழாம் பெட் பேஷண்ட் ஒரு மாதிரியா இருக்காங்க’ என்பதுதான் முதல் மாதத்துத் தொலைபேசி அழைப்பு. எதிர்முனையில் எரிச்சல், இவருக்கு அடுத்த முறை கூப்பிடவே பயம். என்ன நடக்கிறது, பின்னணி என்ன, எனக்கு என்ன தோன்றுகிறது, என்ன வேண்டும் என்ற நான்கும் வரிசையாக வர வேண்டும். ‘ஏழாம் பெட், வயிற்று ஆபரேஷன் முடிந்து இரண்டாம் நாள். ஒரு மணி நேரத்தில் மூச்சு 18லிருந்து 28 ஆகிவிட்டது, ஆக்சிஜன் 91 சதவீதம். நிலைமை மோசமாகிறது என்று நினைக்கிறேன். இப்போதே வந்து பார்க்க வேண்டும்.’ மாணவர்கள் விழுங்குவது அந்தக் கடைசி வாக்கியத்தை. அது வாயில் வரத் தொடங்கினால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

அமெரிக்க செவிலியர் கல்வியாளர் பாட்ரிசியா பென்னர் 1984இல் செவிலியரின் வளர்ச்சியை ஐந்து படிகளாகப் பிரித்துக் காட்டினார். முதல் படியில் இருப்பவர் விதியைப் பிடித்துக்கொண்டுதான் நடப்பார். எது முக்கியம், எது பொறுக்கும் என்று பிரித்துப் பார்க்கும் அனுபவம் அவரிடம் இருக்காது. அவர் மெதுவாக வேலை செய்வதை மந்தம் என்று எண்ணி விரட்டினால், விதியையும் விட்டுவிட்டு 20 எழுதுவார்.

கல்லூரிகளிடம் எங்களுக்கு ஒரு குறை உண்டு. தவறு செய்தால் மதிப்பெண் குறைப்பது, எல்லோர் முன்னும் நிறுத்தி வைப்பது என்று இருக்கும்வரை தவறுகள் மறைக்கப்படும். ஊசி கையில் குத்திக்கொண்ட மாணவர் திட்டுக்குப் பயந்து சொல்லாமல் இருப்பதுதான் இதில் மோசமானது. குத்திய இடத்தைப் பிதுக்காமல், ஓடும் நீரில் சோப்புப் போட்டுக் கழுவி, உடனே சொல்ல வேண்டும். தேவைப்பட்டால் எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம், எப்படியும் 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும். மூன்று நாள் பயந்து கழித்தால் அந்த வாய்ப்பு போயிற்று. மதிப்பெண்ணோடு ஒட்டாத, பெயர் எழுதாத ஒரு தவறு நோட்டு ஒவ்வொரு வார்டிலும் இருக்கட்டும். கைநழுவப் பார்த்துத் தப்பிய தவறுகளும் அதில் ஏறட்டும். டியூட்டி முடிந்ததும் கால் மணி நேரம் உட்கார்ந்து அதைப் படித்துப் பேச வேண்டும். இரவு டியூட்டி முடிந்த காலையில் தேர்வு வைப்பதையும் நிறுத்த வேண்டும். தூங்காத மூளையைச் சோதித்து என்ன தெரிந்துகொள்ளப் போகிறோம்?

பருவ முடிவிலும் 20 எழுதிக்கொண்டிருக்கிற பிள்ளைகள் சிலர் இருப்பார்கள். அவர்களை அறைக்குக் கூப்பிட்டு அறிவுரை சொல்ல வேண்டாம். பயிற்றுநரும் மாணவரும் ஒரே நோயாளியின் அருகில் நின்று, ஒரே நிமிடத்தை இருவரும் மனதுக்குள் எண்ணி, தனித்தனித் தாளில் எழுதி ஒப்பிட வேண்டும். ஒன்றிரண்டு வேறுபாடு பரவாயில்லை. அதற்கு மேல் என்றால் மறுபடி எண்ண வேண்டும். ஒரு நாளைக்கு நான்கு நோயாளிகள் போதும்.

இப்படிக்கு,
செவிலியர் பயிற்றுநர்கள் சிலர்