பொம்பளைங்க வயித்து வலின்னு வந்தா மொதல்ல யூரின் கார்டு (கர்ப்ப டெஸ்ட்) போடுங்க

கேஷுவாலிட்டியிலயும் பிஎச்சியிலயும் (ஆரம்ப சுகாதார நிலையம்) டியூட்டி பாக்குற டாக்டர்களுக்கும் சிஸ்டர்களுக்கும் வணக்கம். நான் ஒரு கவர்மென்ட் ஆஸ்பத்திரில பிரசவ தியேட்டர் ஸ்டாஃப் நர்ஸ். நீங்க ரெஃபர் பண்றவங்க கடைசில எங்க டேபிளுக்குத்தான் வராங்க, அந்த உரிமையில எழுதுறேன். விஷயம் எக்டோபிக், அதாவது கரு கர்ப்பப்பைக்கு வெளிய, பெரும்பாலும் ட்யூப்ல (கருக்குழாய்ல) தங்கிடுறது.

அடிவயித்து வலி, தலசுத்தல்னு முப்பத்தஞ்சு வயசுல ஒரு அக்கா வருவாங்க. தீட்டு எப்பன்னு கேட்டா "தள்ளிப்போச்சு, இப்ப லேசா படுது, ஆனா எனக்குத்தான் குடும்பக் கட்டுப்பாடு ஆயிடுச்சே"ம்பாங்க. அவ்வளவுதான், ஓபி சீட்டுல கேஸ்ட்ரைட்டிஸ்னு (வயித்துப் புண்) விழும், அசிடிட்டிக்கு ஒரு பான்டாப் ஊசி, வீட்டுக்குப் போங்க. அந்த ஆபரேஷன் ஃபெயில் ஆகுறது அபூர்வம்தான், ஒத்துக்கிறேன், ஆனா அப்படி ஃபெயிலாகி கரு தங்குனா அது ட்யூப்லயே மாட்டிக்கிற வாய்ப்பு மத்தவங்கள விட ரொம்ப அதிகம். கு.க. பண்ணியாச்சுன்னா கர்ப்பமே இல்லன்னு இல்ல, இன்னும் கூடுதலா சந்தேகப்படணும்.

படுத்தா தோள்பட்ட வலிக்குதுன்னு சொன்னா சுளுக்குன்னு விட்டுடாதீங்க. வயித்துக்குள்ள கசியுற ரத்தம் உதரவிதானத்த தொட்டா வலி தோள்லதான் தெரியும். ஆரம்பத்துல எச்பி (ரத்தத்துல ஹீமோகுளோபின் அளவு) நார்மலா வரும், அத நம்பி உக்காராதீங்க.

ட்யூப் வெடிச்சு வந்தா எப்படி இருக்கும் தெரியுமா, வயித்த திறந்த உடனே ரத்தம் பொங்கும், சக்ஷன் இழுக்காது, கட்டி கட்டியா கையால அள்ளி ட்ரேல போடுவாங்க, மேடம் விரலால ட்யூப தேடிப் புடிச்சு கிளாம்ப் போடுற வரைக்கும் அனஸ்தீசியா சார் பிபிய பாத்துட்டே ரத்தம் எங்கன்னு கத்துவாரு.

முன்னாடியே தெரிஞ்சிருந்தா இவ்வளவு இல்ல. யூரின் பாசிட்டிவ், உள்வழி ஸ்கேன்ல கர்ப்பப்பை காலி, அப்படின்னா ரத்தத்துல பீட்டா எச்சிஜி (கர்ப்ப ஹார்மோன்) பாத்து 48 மணி நேரத்துல திரும்பப் பாக்கணும். வெடிக்காம, சின்னதா, கருவுல இதயத் துடிப்பு இல்லாம இருந்தா சிலருக்கு மெத்தோட்ரெக்ஸேட் ஊசியிலயே கரையும், 4வது நாளும் 7வது நாளும் ரத்தம் எடுத்து, அதுக்கு இடையில அந்த ஹார்மோன் 15 சதவீதமாவது குறைஞ்சிருக்கான்னு பாப்பாங்க. ஆபரேஷனே வேணும்னாலும் லேப்ராஸ்கோப்பில சின்ன ஓட்டைகளோட முடிஞ்சிடும்.

நைட்ல ஒத்த டாக்டரா நூறு பேரப் பாக்குற கஷ்டம் புரியுது, ஆனா அந்த கார்டுக்கு அஞ்சு நிமிஷம்தான். பாசிட்டிவ்னா ரெண்டு கையிலயும் பச்ச வென்ஃப்ளான் (ட்ரிப் ஏத்துற ஊசிக்குழாய்) போட்டு, ரெஃபரல் லெட்டர்ல யுபிடி (யூரின் கர்ப்ப டெஸ்ட்) பாசிட்டிவ்னு பெருசா எழுதுங்க, 108 கிளம்பும்போதே எங்களுக்கு ஒரு போன் போடுங்க, நாங்க ரத்தத்துக்கு சொல்லிட்டு தியேட்டர ரெடியா வச்சிருப்போம்.