கௌச்சோ கதையில் விட்டுப்போன பாதி

ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் அர்ஜென்டினாவின் கௌச்சோக்களைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். படங்கள் அருமை. ஆனால் பம்பாஸ் சமவெளியில் யாருக்கும் கட்டுப்படாமல் குதிரையில் திரிந்தவர்கள் என்று தொடங்கி, மாத்தே பானம், நெருப்பில் வாட்டிய மாட்டுக்கறி என்று முடித்துவிட்டார் கட்டுரையாளர். அப்படித் திரிந்தவர்கள் பண்ணைக் கூலிகளானது எப்படி என்று ஒரு வரிகூட இல்லை.

ஸ்பானியர்கள் கொண்டுவந்த மாடும் குதிரையும் அந்தப் புல்வெளியில் தம்போக்கில் பெருகிக் கிடந்தன. வேலி கிடையாது, கறியைக் கெடாமல் வெளியூர் அனுப்பவும் வழி கிடையாது, விலை போனது தோலும் கொழுப்பும்தான். அதனால் மாட்டை விரட்டி வீழ்த்தித் தோலை உரித்துக்கொண்டு, வேண்டிய கறியை அங்கேயே சுட்டுத் தின்றுவிட்டு மிச்சத்தைப் போட்டுவிட்டுப் போவார்கள். (மாட்டின் காலைச் சுற்றிக்கொள்ளும்படி வீசுகிற கயிறு கட்டிய கற்கள் கௌச்சோக்களின் கண்டுபிடிப்பு இல்லை, அந்த மண்ணின் பழங்குடிகளிடம் கற்றது. இதையாவது சரியாக எழுதியிருக்கலாம்.)

அப்புறம் கறிக்கு உப்புப் போட்டு உலர்த்தும் ஆலைகள் வந்தன. கருவாடு மாதிரிக் காய்ந்த அந்தக் கறி பிரேசிலுக்கும் கியூபாவுக்கும் கப்பலேறியது, அங்கே தோட்டங்களில் அடிமைகளுக்குப் போட. மாட்டுக்கு மதிப்பு வந்ததும் பண்ணை முதலாளிகளுக்கு ஆள் தேவைப்பட்டது. 1815-ல் புவெனஸ் ஐரிஸ் மாகாண ஆளுநர் ஒலிதென் ஓர் ஆணை போட்டார்: சொத்து இல்லாத நாட்டுப்புறத்தான் எவனும் வேலைக்காரனே, முதலாளி கொடுத்த சீட்டைக் கையில் வைத்திருக்க வேண்டும், அதை மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், சீட்டு இல்லாவிட்டால் நாடோடி என்று பிடித்து 5 ஆண்டு ராணுவத்துக்கு அனுப்பிவிடுவார்கள். இத்தனைக்கும் அதே காலத்தில்தான் வடக்கே சால்தாவில் குவேமெஸின் தலைமையில் கௌச்சோக்கள் விடுதலைப் போரில் ஸ்பானியப் படையைத் தடுத்து நின்றுகொண்டிருந்தார்கள்.

கட்டுரையாளர் புகழும் 'மார்த்தின் ஃபியரோ' காவியமே (1872) இப்படிப் பிடித்துப்போகப்பட்டு, பழங்குடிகளோடு சண்டை நடந்த எல்லைக் கோட்டைக்கு அனுப்பப்பட்ட ஒருவனின் கதைதானே! பிறகு முள்கம்பி வந்தது, அர்ஜென்டின ராணுவத்தின் 1878-79 படையெடுப்பில் பழங்குடிகளின் நிலம் பறிபோய்ப் பெரும்பகுதி சில பெரும்பண்ணைக்காரர்களிடம் சேர்ந்தது. கௌச்சோவுக்குத் திரிய இடமில்லை, மாதச் சம்பளத்துக்கு மாடு மேய்த்தான். பண்ணைக் கூலிகளுக்குக் குறைந்தபட்ச ஊதியமும் ஞாயிறு ஓய்வும் தரும் சட்டத்தை, பின்னாளில் அதிபரான பெரோன் கொண்டுவந்தது 1944-ல்!

கௌச்சோ மரபுக்குப் பேர்போன சான் அந்தோனியோ தே அரேகோ ஊரின் குதிரை விழாவைப் பற்றி இன்னொரு முறை எழுதுவதாக இருந்தால், சுற்றிலும் இருக்கும் பண்ணைகளில் மாடு மேய்ப்பவர்களுக்கு இன்று என்ன கூலி என்றும் கேட்டு எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திண்டுக்கல்