அம்மிணிக்கு, மஞ்சள் லைட் விஷயமாக

நாமக்கல்
ஞாயிறு இரவு

அன்புள்ள அம்மிணி,

நேற்று போனில் நீ பேசிய வேகத்தில் எனக்குப் பாதிதான் பிடிபட்டது. மீதியை நீ அனுப்பிய போட்டோக்களைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். ஏர் பில்டர் மாற்றியிருக்கிறாய். எஞ்சினுக்குக் காற்றை அழுத்தித் தள்ளுகிற டர்போவிலிருந்து, அந்தக் காற்றை ஆற வைக்கிற இன்டர்கூலருக்குப் போகிற ஹோஸ் வெடித்திருந்ததால் அதையும் நீயே கழற்றிப் புதிது போட்டிருக்கிறாய். மறுநாள் கிருஷ்ணகிரியில் மாங்காய் ஏற்றிக்கொண்டு ஓசூர் திரும்பும்போது மேலுமலை ஏற்றத்தில் வண்டி இழுக்கவில்லை, பின்னால் கரும்புகை, முன்னால் எஞ்சின் படம் போட்ட மஞ்சள் லைட். பட்டறையில் ஸ்கேனர் மாட்டிப் பார்த்துவிட்டு டர்போ போய்விட்டது, மாற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

டர்போ வாங்காதே. இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கிற வரைக்குமாவது வாங்காதே.

போட்டோவில் ஸ்கேனர் காட்டுவது இரண்டு கோடு, அதாவது எங்கே பழுது என்று சொல்கிற குறியீட்டு எண். பி0299 என்றால் டர்போ பக்கமிருந்து வரவேண்டிய காற்றழுத்தம் வரவில்லை என்று அர்த்தம். டர்போ கெட்டுவிட்டது என்று அதில் எங்கும் எழுதியிருக்கவில்லை. காற்று வழியில் ஒழுகினாலும் இதே கோடுதான் வரும். இன்னொன்று பி0102. எஞ்சினுக்குள் எவ்வளவு காற்று போகிறது என்று அளக்கிற சென்சாரிலிருந்து வரும் சிக்னல் ரொம்பக் குறைவாக இருக்கிறது அல்லது வரவே இல்லை. அந்தச் சென்சார் எங்கே இருக்கிறது? ஏர் பில்டர் பாக்ஸை ஒட்டி. பில்டர் மாற்றும்போது யார் கை அங்கே போயிற்று? கோபித்துக்கொள்ளாதே. நீ கை வைத்த இரண்டு இடத்தையும் இரண்டு கோடும் வரிசையாகச் சொல்கின்றன. போன வாரம் வரைக்கும் நன்றாக ஓடிய டர்போ, நீ ஹோஸ் மாற்றிய மறுநாளே சாவதற்கு அதற்கு என்ன தலையெழுத்து?

முதலில் சென்சார். சாவியை எடுத்துவிட்டு அதன் கப்ளரை, அதுதான் ஒயர் மாட்டுகிற சொருகியை, கழற்றி உள்ளே பார். உள்ளே இருக்கிற ஊசி வளைந்திருக்கிறதா, பச்சை பிடித்திருக்கிறதா, ஒயரை எலி கடித்திருக்கிறதா என்று பார். மாங்காய் ஏற்றுகிற வண்டி, எலி வராமல் இருக்காது. திரும்ப மாட்டும்போது ‘டக்’ என்று சத்தம் வர வேண்டும். வந்த பிறகும் லேசாக இழுத்துப் பார். சென்சாரைக் கழற்றினால் உள்ளே இருக்கிற மெல்லிய கம்பியிலோ தகட்டிலோ விரல் படக்கூடாது. துணியால் துடைக்கக் கூடாது, கம்ப்ரசர் காற்றும் அடிக்கக் கூடாது. அதற்கென்றே ஸ்பிரே விற்கிறது.

அப்புறம் ஹோஸ். எஞ்சின் ஆறிய பிறகு மாப்பிள்ளையை டார்ச் பிடிக்கச் சொல்லிவிட்டு, நீ மாட்டிய இரண்டு முனையையும் தடவிப் பார். பைப்பின் ஓரத்தில் சுற்றிலும் ஒரு மேடு இருக்கும். ஹோஸ் அந்த மேட்டைத் தாண்டி உள்ளே போயிருக்க வேண்டும், கிளிப் அதற்கும் உள்பக்கம் உட்கார வேண்டும். மேட்டின் மேலேயே கிளிப்பை முறுக்கினால் சும்மா ஓடும்போது ஒன்றும் தெரியாது. லோடோடு ஏற்றத்தில் அழுத்தம் ஏறும்போது ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு உஸ்ஸென்று காற்றுப் போகும். உனக்கு மேலுமலையில் நடந்தது இதுதான் என்று என் மனசு சொல்கிறது. காற்று போகிற இடத்தில் புதிதாக எண்ணெய் தெளித்தது போலக் கறுப்பாக ஒரு கறை இருக்கும், அதைத் தேடு. பழைய ஹோஸ் இருந்த பைப்பில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்திருக்கும். அதைத் துடைக்காமல் மாட்டினால் எவ்வளவு முறுக்கினாலும் வழுக்கும். துடைத்தாயா?

எனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று கேட்பாய். பழைய லாரியில் லைட்டே கிடையாது, புகையும் சத்தமும்தான். 2017 ஏப்ரலில் நாடு முழுக்க பிஎஸ்4 என்கிற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தது. அதற்கப்புறம் வாங்கிய வண்டியில்தான் எனக்கு இந்த மஞ்சள் லைட் அறிமுகம். எரிந்தது. உன் அம்மாவின் ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை வாங்கி அதன் மேல் ஒட்டிவிட்டு மூன்று மாதம் ஓட்டினேன். அப்புறம் இழுவை போனதும் பதறிப் போய், கோடு எந்தச் சென்சாரைச் சொன்னதோ அதைப் புதிதாக வாங்கிப் போட்டேன். லைட் அணையவில்லை. கடைசியில் பார்த்தால், நான் முன்பு ஒரு வேலை செய்தபோது கப்ளர் லாக்கை உடைத்துவிட்டுக் கயிற்றால் கட்டி வைத்திருந்தேன், அது ஆடிக்கொண்டிருந்தது. சென்சாருக்குக் கொடுத்த காசை உன் அம்மா இன்றைக்கும் விருந்தாளிகளிடம் சொல்கிறாள்.

சரி, இரண்டையும் சரிபார்த்தபின் ஸ்கேனரில் அந்தக் கோடுகளை அழி. அழிப்பதற்கு முன்னால், கோடு விழுந்த நேரத்தில் எஞ்சின் எத்தனை ஆர்பிஎம், வண்டி எவ்வளவு வேகம் என்று ஸ்கேனர் பிடித்து வைத்திருக்கும். அதையும் ஒரு போட்டோ எடுத்துக்கொள். அழித்துவிட்டால் அதுவும் போய்விடும். பி0102 இன்னும் இருந்தால் வண்டியைக் கிளப்பிய உடனே திரும்ப வந்துவிடும். பி0299 அப்படியில்லை. வீட்டைச் சுற்றி ஓட்டினால் காட்டாது, பாரத்தோடு ஏற்றத்தில் ஏற வேண்டும். அதனால் ஊருக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டுச் சரியாகிவிட்டது என்று எனக்குப் போன் பண்ணாதே.

அதுவரைக்கும் லோடு எடுக்காதே. உன் வண்டி பிஎஸ்6. அந்தக் கரும்புகை வெளியே வருவதைவிட உள்ளே சைலன்சர் வழியில் இருக்கிற பில்டரில்தான் அதிகம் அடையும். அது அடைத்தால் செலவு வேறு மாதிரி. இன்னொன்று, ஆயில் கேன் படம் போட்ட சிவப்பு லைட் எரிந்தால் என்னிடம் கேட்டுக்கொண்டிருக்காமல் அங்கேயே நிறுத்திவிடு.

இவ்வளவும் பார்த்து, எங்கேயும் ஒழுகல் இல்லை, கோடு மட்டும் திரும்ப வருகிறது என்றால் அப்போது டர்போவைப் பேசலாம். நானே வந்து பக்கத்தில் நிற்கிறேன்.

நீ வண்டி வாங்கியபோது வேண்டாம் என்று சொன்னவன் நான்தான். அதை விடு. ஹோஸை நீயே மாற்றினாய் என்று கேட்டதும் உன் அம்மாவிடம் இரண்டு தடவை சொன்னேன்.

என்னுடைய சின்ன ஸ்கேனரை நாளைக் காலை ஓசூர் பஸ்ஸில் பார்சல் போடுகிறேன். கூடவே ஹோஸ் கிளிப் மூன்று வைத்திருக்கிறேன். உனக்கு இரண்டுதான் வேண்டும். ஒன்று எப்படியும் எஞ்சினுக்குள் எங்கேயாவது விழுந்து தொலையும்.

இப்படிக்கு,
அப்பா